ஃபேன்டசி அணி படுத்துக்கொண்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஃபேன்டசி என்பது, நிஜக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து ஆப்பில் நாமே ஒரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் பாயிண்ட் எடுக்கும் ஆட்டம். அதில் நண்பர்கள் மட்டும் மோதும் எங்கள் மினி லீக்கை ஏழு சீசனாக நான்தான் நடத்தி வருகிறேன். வேளச்சேரியில் எங்கள் தெருப் பையன்கள், ஓஎம்ஆர் ஆபீஸ் நண்பர்கள், வியாசர்பாடி மைதானத்தில் காலையில் பந்தாடும் என் சித்தப்பா மகன், அவன் கூட்டாளிகள் என்று மொத்தம் 26 பேர். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அண்ணா, பெஞ்ச்ல இருந்தவன் ஏன் உள்ள வரல?" "மச்சி, டெட்லைன் மாறிடுச்சா?" ஆண்டு மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இதில் செலவு என்று நான் சொல்வது பணத்தை அல்ல, பாயிண்டை. களமிறங்கும் பதினொருவரையும், பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்களின் வரிசையையும், பாயிண்ட் இரட்டிப்பாகும் கேப்டனையும் மாற்றுவதற்குச் செலவே இல்லை. அடுத்தது ஓர் ஆளை விற்று வேறொருவரை வாங்கும் இலவச டிரான்ஸ்ஃபர். அதற்கும் மேலே 4 பாயிண்ட் கொடுத்துச் செய்யும் கூடுதல் டிரான்ஸ்ஃபர், அதாவது ஹிட். எல்லாவற்றையும்விட விலை கூடியது சிப், அதாவது எண்ணி மட்டும் கிடைக்கும் சிறப்புச் சலுகை. எந்தக் கோளாறு வந்தாலும் இந்த வரிசையில்தான் கை வைக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விட்டுத்தான் வருகிறார்கள்.

கீழே உள்ள விதிகள் 2025–26 சீசனுக்கானவை.

அறிகுறி 1: ஆள் இறங்கவில்லை, பெஞ்சில் இருந்தவரும் உள்ளே வரவில்லை

*வாரம் முடிந்துவிட்டதா?*

முதலில் இதைப் பாருங்கள். தானாக நடக்கும் மாற்று, அந்த கேம்வீக்கின், அதாவது அந்த வாரச் சுற்றின், கடைசி ஆட்டம் முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும். திங்கள் இரவு ஒரு ஆட்டம் பாக்கி என்றால் செவ்வாய் காலை வரை பொறுங்கள். ஞாயிறு ராத்திரி வரும் போன்களில் பாதி இதற்காகத்தான்.

*அவர் ஒரு நிமிடமாவது ஆடினாரா?*

88ஆம் நிமிடம் இறங்கியிருந்தாலும் ஆடியதாகத்தான் கணக்கு. 1 பாயிண்ட் கிடைக்கும், மாற்று வராது. பெஞ்சில் 9 பாயிண்ட் எடுத்தவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். இதற்கு மருந்து கிடையாது, அடுத்த வாரத்துக்கான பாடம்தான் உண்டு: வாரா வாரம் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் இறங்கும் ஆளைப் பதினொருவரில் வைக்காதீர்கள். ஆடவே ஆடாதவரைவிட அவரால்தான் இழப்பு அதிகம்.

*அமைப்பு இடம் கொடுக்கிறதா?*

இது பலருக்குப் புரிவதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். களத்தில் எப்போதும் ஒரு கோல்கீப்பர், குறைந்தது மூன்று டிஃபென்டர், இரண்டு மிட்ஃபீல்டர், ஒரு ஃபார்வர்டு இருந்தாக வேண்டும். பெஞ்ச் வரிசை இந்த விதிக்கு உட்பட்டுத்தான் நடக்கும்.

என் சித்தப்பா மகனுக்குப் போன சீசனில் நடந்தது இது. 3-4-3 (மூன்று டிஃபென்டர், நான்கு மிட்ஃபீல்டர், மூன்று ஃபார்வர்டு) வைத்திருந்தான். பெஞ்சில் முதலாவது ஒரு மிட்ஃபீல்டர், அடுத்து இரண்டு டிஃபென்டர்கள். களத்தில் இருந்த மூன்று டிஃபென்டர்களில் ஒருவர் இறங்கவில்லை. மிட்ஃபீல்டர் 12 பாயிண்ட் எடுத்திருந்தார். ஆனால் உள்ளே வந்தது 1 பாயிண்ட் எடுத்த டிஃபென்டர். ஆப்பில் தப்பு என்று ராத்திரி பதினோரு மணிக்குக் கொதித்துப்போய் போன் பண்ணினான். தப்பு எதுவும் இல்லை. மூன்று டிஃபென்டரில் ஒருவர் குறைந்தால் அந்த இடத்துக்கு டிஃபென்டர் மட்டுமே வர முடியும், மற்றவரைத் தாண்டிப் போய்விடும். களத்தில் நான்கு டிஃபென்டர் வைத்து ஒருவர் விழுந்திருந்தால் அந்த 12 அவனுக்கு வந்திருக்கும்.

ஆகவே சேவ் பண்ணுவதற்கு முன் உங்கள் பதினொருவரில் சந்தேகத்துக்குரியவர் யார் என்று பாருங்கள். அவர் டிஃபென்டர், நீங்கள் வைத்திருப்பதும் மூன்றே டிஃபென்டர் என்றால், பெஞ்சில் இருக்கும் டிஃபென்டர் கட்டாயம் ஆடுகிறவராக இருக்க வேண்டும். கோல்கீப்பருக்குக் கோல்கீப்பர்தான் மாற்று. அதற்கு வரிசை எதுவும் இல்லை.

*பெஞ்சில் உயிர் இருக்கிறதா?*

மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தும் ஆள் வரவில்லை என்றால், பெஞ்சில் இருப்பவர்களும் ஆடுவதில்லை என்று பொருள். ஆகஸ்டில் காசு மிச்சம் பிடிக்க ஆளுக்கு 4.0 மில்லியன் (ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் கற்பனைப் பணம்) என்று மூன்று பேரை வாங்கிப் போட்டிருப்பீர்கள். அவர்கள் ஊர் பேர் தெரியாத மூன்றாம் நிலை ஆட்டக்காரர்கள். இங்கே இலவச டிரான்ஸ்ஃபரைச் செலவு பண்ணலாம், தகும். கீழ்வரிசை அணிதான் என்றாலும் வாரம் தவறாமல் 90 நிமிடம் ஆடும் ஒரு டிஃபென்டரை வாங்குங்கள். 2025–26 சீசனில் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டிஃபென்டர் ஒருவர் பந்தைத் தட்டிவிடுவது, தடுப்பது, இடைமறிப்பது, டாக்கிள் செய்வது எல்லாம் சேர்த்து ஓர் ஆட்டத்தில் 10 தொட்டால் 2 பாயிண்ட் கிடைக்கும். நாள் முழுக்கத் தற்காத்துக்கொண்டே இருக்கும் அணியின் சென்டர் பேக், கோல் வாங்கினாலும் அந்த இரண்டோடு வீடு திரும்புவார்.

ஆனால் பெஞ்சை ரிப்பேர் பண்ண ஹிட் எடுக்காதீர்கள். 4 பாயிண்ட் கொடுத்து 2 பாயிண்ட் ஆளை வாங்குவது கணக்குக்கு ஒத்து வராது.

அறிகுறி 2: டெட்லைன் போய்விட்டது, அணி பழைய நிலையிலேயே இருக்கிறது

வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது கதவு மூடிவிடும். இதில் தவறுவதற்கு மூன்று காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

*சேவ் ஆகவில்லை*

டிரான்ஸ்ஃபரை உறுதிசெய்யும் பட்டன் வேறு, வரிசையைச் சேமிக்கும் பட்டன் வேறு. ஆளை வாங்கிய கையோடு ஆப்பை மூடினால் அவர் பெஞ்சிலேயே கிடக்கலாம். முடித்ததும் ஆப்பை மூடித் திறந்து இன்னொரு முறை பாருங்கள். பறக்கும் ரயிலில் போகும்போது சேவ் பண்ணினால் இது ரொம்ப முக்கியம், சிக்னல் எங்கே விடும் என்று சொல்ல முடியாது.

*கடிகாரம் மாறியது*

அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்துக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மற்ற மாதங்களில் நாலரை. சனிக்கிழமை அங்கே 12:30க்கு முதல் ஆட்டம் என்றால், செப்டம்பரில் நமக்கு மாலை 3:30க்கு டெட்லைன், டிசம்பரில் 4:30க்கு. எல்லாரும் அக்டோபரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அக்டோபர் மாற்றத்தால் நமக்கு ஒரு மணி நேரம் கூடத்தான் கிடைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆளை விழுங்குவது மார்ச். ஐந்து மாதமாக நாலரை மணிக்குப் பழகியவருக்குத் திடீரென்று மூன்றரைக்குக் கதவு மூடும். சர்வதேச ஆட்டங்களுக்காக லீக் நின்றிருக்கும் நாட்களை ஒட்டி இந்த மாற்றம் வந்தால் யார் கண்ணிலும் படாது. அதோடு சிப்களைப் போடும் காலமும் அதுதான். மார்ச் கடைசி ஞாயிறை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்.

*வெள்ளிக்கிழமை ஆட்டம்*

வெள்ளி இரவு அங்கே 8 மணிக்கு ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு டெட்லைன் சரியாக நள்ளிரவு 12. போனில் அது சனிக்கிழமை 00:00 என்று தெரியும். அதைச் சனிக்கிழமை ராத்திரி என்று படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் எங்கள் லீக்கில் நான்கு பேர் இருக்கிறார்கள். இந்த வாரங்களை வியாழன் இரவே முடித்துவிடுங்கள்.

*மழை*

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் சென்னையை முக்கியபோது மறுநாள் செவ்வாய் இரவே ஒரு டெட்லைன் இருந்தது. வேளச்சேரியில் எங்களுக்குக் கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனில் 11 சதவீதம் சார்ஜ். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும், போய்விடும். அந்தச் சார்ஜ் எனக்கு முடிச்சூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கத்தான் வேண்டியிருந்தது. ஆப்பைத் திறக்கவே இல்லை. ஆனாலும் என் அணி ஒழுங்காக ஆடியது. ஞாயிறு இரவே பதினொருவரையும் கேப்டனையும் வரிசையையும் அடுத்த வாரத்துக்கு வைத்து முடித்திருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் லீக்கில் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான். ஒரு வாரம் முடிந்ததும் அடுத்த வாரத்துக்கான பதினொருவர், கேப்டன், வைஸ் கேப்டன், பெஞ்ச் வரிசை நான்கையும் உடனே வைத்துவிடுங்கள். அதற்குச் செலவில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். டிரான்ஸ்ஃபரை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை சென்னைக்காரர் இதில் சோம்பல் படக் கூடாது.

டெட்லைன் போன பிறகு யாரைக் கூப்பிட்டும் பயனில்லை. அதிகாரபூர்வ உதவிப் பக்கத்துக்கு எழுதினாலும் அணியைத் திறந்து தர மாட்டார்கள்.

அறிகுறி 3: கேப்டன் வாரா வாரம் கவிழ்க்கிறார்

*கேப்டன் இறங்கவே இல்லை*

கேப்டன் ஆடாவிட்டால் இரட்டிப்பு வைஸ் கேப்டனுக்குப் போகும். கேப்டனின் பாயிண்டை மும்மடங்காக்கும் டிரிபிள் கேப்டன் சிப் போட்டிருந்தால் அந்த மும்மடங்கும் அவருக்கே போகும். கேப்டன் ஒரு நிமிடம் ஆடிவிட்டாலும் போகாது. இருவரும் ஆடாவிட்டால் யாருக்கும் இல்லை. அதனால் இருவரையும் ஒரே ஆட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். 2024 டிசம்பர் 7 அன்று டாராக் புயலால் எவர்டன்–லிவர்பூல் ஆட்டம் அன்று காலையில்தான் தள்ளிவைக்கப்பட்டது. அந்த மாதிரி ஒரு நாளில் கேப்டனும் வைஸ் கேப்டனும் லிவர்பூல் சட்டையில் இருந்தால் வாரம் அப்படியே போய்விடும்.

*கேப்டன் ஆடுகிறார், எடுக்க மாட்டேன் என்கிறார்*

போன வாரம் மூன்று கோல் அடித்தவரை இந்த வாரம் கேப்டனாக்குகிறீர்களா என்று உங்களையே கேளுங்கள். ஆமாம் என்றால் கோளாறு அங்கேதான். பார்க்க வேண்டியவை மூன்று. பெனால்டி அவர் அடிக்கிறாரா? போன நான்கு ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஆடினார்? செவ்வாய், புதன் இரவில் ஐரோப்பியப் போட்டி ஆடிவிட்டு வருகிறாரா? மூன்றும் சரியாக இருந்தால் இரண்டு வாரம் ஏமாற்றினாலும் மாற்றாதீர்கள்.

2024–25 சீசனில் முகமது சலா 344 பாயிண்ட் எடுத்தார். இந்த ஆட்டத்தின் வரலாற்றில் ஒரு சீசனில் யாரும் எடுக்காத எண்ணிக்கை அது. அந்த ஆண்டு எங்கள் லீக்கில் முதலில் வந்தவர் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அக்கா. அவர் முழு ஆட்டம் பார்த்ததே குறைவு. சலாவைக் கேப்டனாக வைத்தார், வைத்தவர் அவரைத் தொடவே இல்லை. நாங்கள் வாரம் ஒருவராக மாற்றிக்கொண்டிருந்தோம்.

அறிகுறி 4: பாயிண்ட் சுமாராக வருகிறது, ரேங்க் மட்டும் இறங்குகிறது

ரேங்க் இறங்கியதைக் காட்டும் சிவப்பு அம்பு தொடர்ந்து மூன்று வாரம் வந்தால்தான் இதை நோய் என்று எடுத்துக்கொள்வேன். ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் விட்டுவிடுங்கள். சும்மா இருப்பதும் ஒரு சிகிச்சைதான், இலவசமும்கூட.

மூன்று வாரம் தாண்டினால் உங்கள் லீக்கில் உங்களுக்கு மேலே இருக்கும் ஐந்து பேரின் அணிகளைத் திறந்து பாருங்கள். ஐந்து பேரிடமும் இருந்து உங்களிடம் மட்டும் இல்லாத ஆள் ஒருவர் இருப்பார். எர்லிங் ஹாலன்ட் போன்ற விலை உயர்ந்த ஒருவர் உங்களிடம் இல்லாமல் போனால், அவர் அடிக்கும் ஒவ்வொரு கோலும் கேப்டன் கணக்கில் இரட்டிப்பாகி உங்கள் மேல் விழும். "எல்லாரும் வைத்திருக்கிறார்கள், நான் வித்தியாசமாக ஆடுகிறேன்" என்பது மலிவான ஆளிடம் செல்லும், 14 மில்லியன் ஆளிடம் செல்லாது. அவரைக் கொண்டுவர இரண்டு டிரான்ஸ்ஃபர் தேவைப்பட்டால் ஒரு வாரம் சேமித்துச் செய்யுங்கள். இப்போது ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். நான்கைந்து கையில் இருந்தால் வைல்ட்கார்டு (எத்தனை பேரை வேண்டுமானாலும் செலவில்லாமல் மாற்றவிடும் சிப்) தொடாமலே அணியைப் பாதி புதுப்பித்துவிடலாம்.

அப்படி யாரும் இல்லையா? உங்கள் ஆட்களின் நிமிடக் கணக்கைப் பாருங்கள். 90, 90, 61, 24 என்று குறைந்துகொண்டே வருகிறவரை விற்றுவிடுங்கள். 90, 90, 90, 90 ஆடி, கோலுக்கு உதைத்துக்கொண்டே இருந்து, பந்து மட்டும் உள்ளே போகாதவரை வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தப்பு. முதலாமவரைப் பெயருக்காக வைத்திருப்பார்கள், இரண்டாமவரைக் கோபத்தில் விற்பார்கள். விற்ற வாரமே அவர் இரண்டு அடிப்பார்.

*வாரா வாரம் ஹிட் எடுக்கிறீர்களா?*

டிரான்ஸ்ஃபர் வரலாற்றைத் திறந்து எல்லாக் கழித்தல்களையும் ஒரு பேப்பரில் கூட்டுங்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனை உட்கார வைத்து ஜனவரியில் கூட்டச் சொன்னேன். 52 வந்தது. அவனுக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி 47. எதுவும் பேசாமல் அந்தப் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஹிட்டுக்கு நான் ஒப்புக்கொள்வது இரண்டு சமயத்தில் மட்டும். பதினொருவர் தேறாமல் பத்துப் பேரோடு இறங்க வேண்டியிருந்தால் ஒன்று. வருகிறவரையே கேப்டனாக்கி, பல வாரம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று.

அறிகுறி 5: விலை ஏறியிருக்கிறது, விற்றால் பணம் வரவில்லை

பிழை இல்லை, விதியே அப்படித்தான். ஏறிய விலையில் பாதிதான் உங்களுக்கு, அதுவும் 0.1க்குக் கீழே வெட்டித்தான். 7.0க்கு வாங்கியவர் 7.3 ஆனால் கைக்கு வருவது 7.1. அவரை விற்றுவிட்டு அடுத்த வாரமே திரும்ப வாங்க நினைத்தால் 7.3 கொடுக்க வேண்டும். அதனால் ஏறிய ஆளை "ஒரு வாரத்துக்கு மட்டும்" என்று வெளியே அனுப்பாதீர்கள்.

விலை மாற்றம் இங்கிலாந்தின் நடு இரவில் நடக்கும், நாம் இங்கே காலையில் பல் துலக்கி முடிப்பதற்குள். 0.1 ஏறிவிடுமே என்ற பயத்தில் ஞாயிறு இரவே வாங்கி, புதன்கிழமை ஆட்டத்தில் அந்த ஆள் அடிபட்டுப் போன கதை ஒவ்வொரு லீக்கிலும் இருக்கும். மேனேஜர்களின் பத்திரிகையாளர் சந்திப்பு பெரும்பாலும் ஆட்டத்துக்கு முந்தைய நாள் நடக்கும், நமக்குச் சாயங்காலம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அந்த 0.1 இல்லாவிட்டால் வாங்கவே முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் முன்கூட்டியே போகலாம்.

அறிகுறி 6: நான்கைந்து பேருக்கு ஒரே நேரத்தில் கொடி

ஆடுவது சந்தேகம் என்று காட்டும் மஞ்சள் கொடியில் 75 என்று, அதாவது ஆட 75 சதவீதம் வாய்ப்பு என்று இருந்தால் தொடாதீர்கள். பெஞ்சில் ஆடும் ஆள் ஒருவர் இருந்தால் போதும். 25 என்றால் இந்த வாரத்துக்கு மறந்துவிடுங்கள், ஆனால் விற்பதற்கு முன் எத்தனை வாரம் என்று பாருங்கள். ஒரு வாரம் என்றால் பெஞ்சில் வையுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் என்றால் விற்கலாம்.

சிவப்புக் கொடி எல்லாம் அடியும் இல்லை. முதல் 19 ஆட்டத்துக்குள் ஐந்து மஞ்சள் அட்டை வாங்கினால் ஒரு ஆட்டம் தடை. அது ஒரே வாரத்தில் தீரும் வியாதி. நான்கு மஞ்சளோடு திரியும் மிட்ஃபீல்டர் உங்களிடம் இருந்தால் அந்த வாரங்களில் பெஞ்சைத் திடமாக வையுங்கள்.

நாடுகளுக்கிடையேயான ஆப்பிரிக்கக் கோப்பைக்கு ஆட்கள் கிளம்பும்போதும் இதே காட்சிதான். 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை மொராக்கோவில் அந்தப் போட்டி என்பதால், கேம்வீக் 16இல் எல்லாருக்கும் இலவச டிரான்ஸ்ஃபரை ஐந்தாக நிரப்பித் தருவதாக விதி வந்தது. அதை மறந்து 15ஆம் வாரம் வரை ஐந்தையும் சேர்த்து வைத்திருந்தவருக்கு ஒன்றுகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. முன்பே செலவழித்தவருக்குத்தான் லாபம்.

எண்ணிக் கூட்டினால் ஒன்பது பேர்கூடத் தேறவில்லை, பிரச்சினை அந்த ஒரு வாரத்துக்குத்தான் என்றால் ஃப்ரீ ஹிட், அதாவது ஒரு வாரத்துக்கு மட்டும் அணியையே மாற்றவிடும் சிப். ஒரு மாதத்துக்கு நீடிக்கும் என்றால் வைல்ட்கார்டு.

அறிகுறி 7: சிப் வீணாகிவிட்டது

2025–26 சீசனில் வைல்ட்கார்டு, ஃப்ரீ ஹிட், பெஞ்ச் பூஸ்ட் (பெஞ்சில் இருப்பவர்களின் பாயிண்டையும் சேர்ப்பது), டிரிபிள் கேப்டன் நான்கும் இரண்டு செட். முதல் செட்டை கேம்வீக் 19 டெட்லைனுக்குள் போட்டாக வேண்டும், இல்லையென்றால் காலாவதி. ஒரு வாரத்துக்கு ஒரு சிப்தான். ஆக, டிசம்பர் நடுவில் மூன்று சிப் மிச்சம் இருந்தால் கடைசி மூன்று வாரமும் அவற்றுக்கே போகும். நவம்பரிலேயே எண்ணிப் பாருங்கள்.

தவறுதலாகத் தட்டிவிட்டீர்களா? பெஞ்ச் பூஸ்டும் டிரிபிள் கேப்டனும் என்றால் டெட்லைனுக்கு முன் ரத்து செய்யலாம். வைல்ட்கார்டும் ஃப்ரீ ஹிட்டும் டிரான்ஸ்ஃபரை உறுதிசெய்த பிறகு திரும்ப வராது. ஃப்ரீ ஹிட் முடிந்ததும் பழைய அணியே திரும்பி வரும், பதறாதீர்கள். சேர்த்து வைத்த இலவச டிரான்ஸ்ஃபரும் போகாது.

அறிகுறி 8: உள்ளே நுழையவே முடியவில்லை

கடவுச்சொல்லை மாற்றிப் பாருங்கள், வேறு பிரவுசரில் பாருங்கள், அப்புறம் வேறு போனில். அதற்கு மேல் அதிகாரபூர்வ உதவிப் பக்கம்தான். டெலிகிராமில் "ரேங்க் ஏற்றித் தருகிறேன், பாஸ்வேர்டு கொடு" என்று வருபவருக்குப் பதில்கூட எழுதாதீர்கள்.

அறிகுறி 9: லீக் செத்துப்போகிறது

ஜனவரியில் பாதிப் பேர் அணியைத் திறப்பதை நிறுத்திவிடுவார்கள். கீழே இருப்பவருக்கு மேலே வர வழி இல்லை என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். லீக் பட்டியலை மாத வாரியாகப் பார்க்கும் வசதி ஆட்டத்திலேயே இருக்கிறது. மாதத்துக்கு ஒரு வெற்றியாளரை அறிவியுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். மாதம் ஜெயித்தவருக்கு விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எல்லாரும் சேர்ந்து டீயும் பஜ்ஜியும். 23ஆம் இடத்தில் இருந்த ஒரு தம்பி பிப்ரவரியை ஜெயித்தான், மே மாதம் வரை ஒரு டெட்லைனைக்கூட விடவில்லை. புது ஆட்டம் வேண்டும் என்கிறவர்களுக்கு வாரம் இருவர் இருவராக மோதும் நேருக்கு நேர் லீக் ஒன்றைத் தனியாகத் தொடங்குங்கள்.

பரிசாகப் பணம் வைக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். வைக்காதீர்கள். இந்த ஆட்டம் இலவசமானது, அப்படியே இருக்கட்டும்.

அறிகுறி 10: கோளாறு அணியில் இல்லை, ஆளிடம் இருக்கிறது

புதன்கிழமை ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவு 12:30க்கோ 1:30க்கோ தொடங்கும். அதையும் பார்த்துவிட்டுக் காலை ஏழு மணி ஷிப்டுக்குப் போகிற பையன்கள் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தூக்கம் போய், வேலை போய், வீட்டில் சண்டை வருகிறது என்றால் முதல் சோதனை எளிது: போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டு இரண்டு வாரம் இருந்து பாருங்கள். அணி தானாக ஓடும்.

எங்கள் லீக்கில் ஒருவன் இருந்தான். டிசம்பரில் திடீரென்று குரூப்பில் பேச்சை நிறுத்தினான். அடையாறில் நேரில் பார்த்தபோதுதான் சொன்னான், இலவச ஆட்டத்திலிருந்து தினசரி காசு கட்டும் ஆட்டங்களுக்குப் போய், அங்கே விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கியிருக்கிறான். தொகையைச் சொல்லும்போது குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் லீக் நடத்துகிறவனால் ஒன்றும் செய்ய முடியாது, தெரிந்தவரிடம் அழைத்துப் போகத்தான் வேண்டும்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் லிங்க் அனுப்புகிறவர்கள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். போலி ஆப்பில் பணம் போயிருந்தால் 1930க்கு உடனே போன் பண்ணுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நிறுத்த முடியவில்லை, தூக்கம் வரவில்லை, வாழ்வதில் பயனில்லை என்று தோன்றுகிறது என்றால் 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. நேரில் போக வேண்டும் என்றால் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அவனை அங்கேதான் கூட்டிப்போனோம், நானும் அவன் அக்காவும். அவன் அணியை லீக்கிலிருந்து யாரும் நீக்கவில்லை. டிசம்பரில் வைத்த கேப்டனோடு அது பத்து வாரம் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "அண்ணா, டெட்லைன் மூன்றரையா, நாலரையா?"